சபையில் கண்ணீர், வீட்டில் வறட்சி

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு சகோதரர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 51. தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மகனுக்கு இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை. இவர் பிறந்து வளர்ந்தது பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர், முருக பக்தர். 19 வயதில் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்த இடத்தில் இவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து சபைதான் எல்லாம். பாடகர் குழு, ஆண்கள் ஐக்கியம், கட்டடக் குழு மூன்றிலும் இருக்கிறார். செவ்வாய் ஜெபக்கூட்டம், வெள்ளி பாடல் பயிற்சி, சனி மீட்டிங், ஞாயிறு முழுநாள்.

"ஆராதனையில் பாடும்போது கண்ணீர் வருகிறது. வீட்டுக்குள் காலை வைத்தால் ஒன்றுமே வருவதில்லை" என்கிறார். மனைவி பேசினால் எரிச்சல். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். போன மாதம் மனைவி சொன்ன ஒரு வார்த்தை அவரை இதை எழுத வைத்திருக்கிறது: "உங்களுக்கு நாங்க மூணு பேரும் மிச்ச நேரத்துக்குத்தான்."

சபையின் புதிய கட்டட நிதிக்கு 40,000 வெள்ளி (ரிங்கிட்) தருவதாக அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஊழியர் சேமநிதியிலிருந்து (இ.பி.எஃப்.) எடுப்பதாகத் திட்டம். மனைவிக்குத் தெரியாது. அப்பாவுக்கு 79 வயது, சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். ஈப்போவில் இருக்கும் தங்கைதான் வந்து வந்து பார்க்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் தீபாவளிக்குப் போனபோது அப்பா நெற்றியில் திருநீறு பூச வந்தார். இவர் கையைத் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை. "தேவனுக்கு முன்னால் அப்பாவை வைக்கக் கூடாது" என்பது அவர் சொல்லும் காரணம். உலகப் பற்று என்று நினைத்து, மகனோடு வியாழக்கிழமைகளில் ஆடிவந்த பேட்மிண்டனையும் விட்டுவிட்டார். கடைசியாக இப்படிக் கேட்கிறார்: "சரியானவற்றை நேசிக்க நான் எப்படிக் கற்றுக்கொள்வது? உணர்ச்சி வராமல் நேசிப்பது பாசாங்கு இல்லையா?"

அன்புள்ள சகோதரருக்கு,

இந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு எவ்வளவு மனதைத் திறக்க வேண்டியிருந்திருக்கும் என்று தெரிகிறது. உங்களைக் குத்தும் விஷயங்களை நீங்களே மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

உங்கள் பைபிளுக்குள் ஒரு தாள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இளம் வயதில் ஒரு முகாமில் கேட்டு எழுதி வைத்த பட்டியல்: தேவன், சபை, குடும்பம், வேலை. முப்பது வருடமாக அதன்படிதான் வாழ்ந்திருக்கிறீர்கள். அதில் முதல் வரி சரி. கோளாறு இரண்டாவது வரியில் தொடங்குகிறது. எப்போதோ ஒரு கட்டத்தில் முதல் வரியும் இரண்டாவது வரியும் உங்களுக்குள் ஒன்றாகிவிட்டன. சபையின் கால அட்டவணையே தேவன் என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போனால் தேவனை நேசித்தீர்கள். மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டால் தேவனுடைய நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். இந்தக் கணக்கு வேதத்தில் இல்லை.

இயேசு சொன்ன பிரதான கற்பனையை, அதாவது கட்டளையை, நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். முழு இருதயத்தோடும் தேவனிடத்தில் அன்புகூருவது. அதற்கு ஒப்பான இரண்டாவது, பிறனிடத்தில் அன்புகூருவது. முதலாவதற்கு முழு இருதயத்தையும் கேட்ட பிறகும் இரண்டாவதற்கு இடமிருக்கிறது என்றால், இவை ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிறவை அல்ல. யோவான் இன்னும் நேராகவே கேட்கிறார்: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" வீட்டில் நீங்கள் காட்டும் குளிர்ச்சி தேவனிடம் நீங்கள் வைத்திருக்கும் அன்புக்குச் சான்று ஆகாது. அந்த அன்பைப் பற்றிக் கேள்வி எழுப்பக்கூடியது அது.

லூக்கா 14:26-ஐ மேற்கோள் காட்டியிருந்தீர்கள். தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் வெறுக்காவிட்டால் சீஷனாயிருக்க முடியாது என்ற வசனம். கடினமான வசனம்தான். ஆனால் அதே போதனை மத்தேயு 10:37-ல் எப்படி வருகிறது என்று பாருங்கள்: "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல." அங்கே கேள்வி எது மேலானது என்பதுதான். நேசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அதைச் சொன்னவரே சிலுவையில் உயிர்போகும் நேரத்தில், தம் தாயை இனி யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்.

சரியானவற்றை நேசிப்பது என்ற உங்கள் கேள்வி மிகப் பழையது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்டின் (354–430) இதைப் பற்றி நிறைய யோசித்தவர். நல்லொழுக்கம் என்பதையே அவர் அன்பின் ஒழுங்கு என்று சொன்னார். கஞ்சன் நீதியைவிடத் தங்கத்தை அதிகமாக நேசித்தால் குற்றம் தங்கத்தில் இல்லை, மனிதனிடத்தில்தான் என்பது அவர் வாதம். படைக்கப்பட்ட எதுவும் நல்லதே. அதை நல்ல விதமாகவும் நேசிக்கலாம், கெட்ட விதமாகவும் நேசிக்கலாம். உங்களைப் போன்ற ஊழியக்காரர்கள் இதை இன்னும் ஒரு படி தள்ளி யோசிக்க வேண்டும். தங்கத்துக்கு எது பொருந்துமோ அது சபைக் கட்டடத்துக்கும் பாடகர் குழுவுக்கும் பொருந்தும். நல்ல காரியம் என்பதாலேயே ஒன்றை அளவுக்கு மீறி நேசிப்பது பாவமில்லை என்றாகிவிடாது.

இதைச் சொல்லும்போது உங்கள் கடிதத்தில் ஒரு வரி நினைவுக்கு வருகிறது. ஈஸ்டர் ஆராதனைக்குப் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பை இளையவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதிவிட்டு, உடனே அப்பாவின் புண்ணைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். அந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். பேட்மிண்டனில் உலகப் பற்றைத் தேடினீர்கள். அது பாடகர் குழுவில் உட்கார்ந்திருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இளைஞர் நடத்தியபோதும் பாடப்பட்டது அதே தேவனுக்குத்தானே. தூக்கத்தைக் கெடுத்தது எந்த நேசம்? இதை உங்களைக் கூனிக்குறுக வைக்கக் கேட்கவில்லை. வீட்டில் உங்களுக்கு யாரும் கைதட்டுவதில்லை, சபையில் தட்டுகிறார்கள். எந்த மனிதனும் தன்னை மதிக்கும் இடத்தில்தான் உயிரோடு இருப்பதாக உணர்வான். அது தெரிந்துவிட்டால் பாதி தூரம் வந்தாயிற்று.

40,000 வெள்ளி

இந்த விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம், முழுவதுமாக.

முதலில் நடைமுறை. சேமநிதி வாரியம் 2024 மே 11 முதல் கணக்குகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது. புதிதாக வரும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்தெரா கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்ஸிபல் கணக்குக்கும் போகிறது. நாம் பழக்கத்தில் 'இரண்டாம் கணக்கு' என்று சொன்னதுதான் செஜாத்தெரா. 50 வயது நிறைந்தவர் அதிலுள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆக உங்களால் எடுக்க முடியும். மனைவியின் கையெழுத்தும் கேட்கமாட்டார்கள். சட்டம் வழிவிடுகிறது என்பதாலேயே அது நியாயம் ஆகிவிடாது. அந்தச் சேமிப்பு உங்கள் பெயரில் இருந்தாலும், அது உங்கள் இரண்டு பேருடைய முதுமைக்கானது. நீங்கள் ஓவர்டைம் பார்த்த இரவுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

தனியார் துறையில் ஓய்வு வயது 60. உங்களுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. ஆண்டுக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு வருகிறது என்று வைத்துக்கொண்டால் (2023-ல் அவ்வளவு, 2024-ல் 6.3 கொடுத்தார்கள்), இன்றைய 40,000 அப்போது 64,700 வெள்ளிக்கு மேல் இருக்கும். ஈவு கூடலாம், குறையலாம். ஆனாலும் நீங்கள் கொடுக்க நினைப்பது உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். மகளின் படிப்புக் கடன், மகனின் மேற்படிப்பு, அப்பாவின் வைத்தியம் எல்லாம் இந்த ஒன்பது வருடத்துக்குள்தான் வரும்.

அடுத்தது, நீங்கள் பயப்படும் பொருத்தனை, அதாவது தேவனுக்குக் கொடுத்த வாக்கு. பிரசங்கி 5:4-ஐ எழுதியிருந்தீர்கள்: தேவனுக்குப் பொருத்தனை பண்ணிக்கொண்டால் செலுத்தத் தாமதியாதே. அதை லேசாக எடுக்காதவர் நீங்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதே வேதத்தில் மாற்கு 7-ஐயும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்கு உதவ வேண்டிய பொருளைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிடுகிறவர்களைப் பற்றி இயேசு பேசுகிறார். அப்படிச் செய்கிறவர்கள் பக்திமான்கள், சட்டப்படி நடப்பவர்கள், காணிக்கை கொடுப்பவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். நீங்கள் எழுதியிருக்கும் சூழ்நிலைக்கு இதைவிட நெருக்கமான ஒரு பகுதியை என்னால் காட்ட முடியாது. சகோதரரே, அந்த அதிகாரத்தை இன்றிரவு மனைவியோடு உட்கார்ந்து படியுங்கள்.

லேவியராகமம் 5-ல் யோசிக்காமல் பதறி ஆணையிட்டவனுக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. அவன் அதை அறிக்கையிட வேண்டும், பரிகாரபலி கொண்டுவர வேண்டும். தேவன் அவசரத்தில் வாய்விட்டவனை மடக்கிப்போடக் காத்திருப்பவர் அல்ல. சட்டக் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கையெழுத்துப் போட்டாச்சே" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். கைம்மாறு எதுவும் இல்லாமல் நன்கொடை தருகிறேன் என்று சொல்வது, நம் நாட்டின் 1950-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பொதுவாக வசூலிக்கக்கூடிய கடன் ஆகாது. காணிக்கை அட்டையை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப்போவதில்லை.

இப்போது என்ன செய்யலாம்? அப்படியே கொடுத்துவிட்டுப் பிறகு மனைவியிடம் சொல்வது ஒரு வழி. அது வேண்டவே வேண்டாம். பணத்தைவிடப் பெரிய ஒன்றை, அவர் உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை, நீங்கள் அட்டையில் எழுதிக் கொடுத்ததாகிவிடும். முழுவதுமாக ரத்து செய்வது இன்னொன்று; செய்யலாம், தவறில்லை. நான் சொல்வது மூன்றாவது. முதலில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து மாதச் சம்பளத்திலிருந்து கொடுக்கக்கூடிய ஒரு தொகையை முடிவு பண்ணுங்கள். மாதம் 150 வெள்ளியாகவும் இருக்கலாம். அப்புறம் போதகரிடம் போய், "நான் வீட்டில் கேட்காமல் எழுதிவிட்டேன், மாற்றிக்கொள்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். நல்ல போதகர் உங்கள் தோளில் கை வைப்பார். ஒருவேளை அவர் வற்புறுத்தினால், அது உங்கள் பொருத்தனையின் பிரச்சினை இல்லை. அப்போது சபையின் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

மனைவியிடம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. வசனத்தோடு ஆரம்பிக்காதீர்கள். முப்பது வருடமாக வசனம் உங்கள் பக்கம்தான் நின்றிருக்கிறது அவர் பார்வையில். சேமநிதி அறிக்கையை மேசையில் வைத்து, "உன்னிடம் கேட்காமல் இப்படி எழுதிட்டேன். தப்பு. நீ சொல்றதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படுவார். ஒருவேளை அழுவார், அல்லது எழுந்து போய்விடுவார். அப்போதும் "ஜெபிக்கலாம் வா" என்று அந்த இடத்தை மூடிவிடாதீர்கள். கேட்டு முடிக்கும்வரை கேளுங்கள்.

அப்பாவின் கால்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கடித்தது இது. வெள்ளிக்கிழமை பயிற்சியின் நடுவில் தங்கை வாட்ஸ்அப்பில் அப்பாவின் பாதத்தைப் படமெடுத்து அனுப்பினாள். கட்டைவிரல் பக்கத்தில் கறுத்த புண், கீழே விரித்திருந்த பழைய கைலி. நீங்கள் பார்த்தீர்கள். "ஜெபிக்கிறேன்" என்று எழுதி, கூப்பிய கைகள் படம் ஒன்றையும் போட்டுவிட்டு, அடுத்த பாடலுக்குப் போனீர்கள்.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யாக்கோபு இதே காட்சியைத்தான் எழுதியிருக்கிறார். "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு, சரீரத்துக்கு வேண்டியதைக் கொடுக்காவிட்டால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார்.

சர்க்கரை நோயாளியின் காலில் புண் கறுத்துப்போனால் அது நாள் தள்ளக்கூடிய விஷயம் இல்லை. ரத்த ஓட்டம் குறைந்து, நரம்பு உணர்ச்சியும் குறைந்திருப்பதால் வலியே தெரியாமல் உள்ளுக்குள் பரவலாம். கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். தங்கை நாட்டு மருந்து கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே அவளுக்குப் போன் பண்ணி, அப்பாவைச் சுங்கை சிப்புட் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். காய்ச்சல் இருந்தாலோ புண்ணிலிருந்து நாற்றம் வந்தாலோ அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நீங்களும் இந்த வாரமே கிளம்புங்கள். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட வேண்டியிருந்தால் தவறவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் சபைகள் இருக்கின்றன.

அப்பா இந்து என்பதால் அவருக்குச் செய்வது தேவனுக்கு இரண்டாம்பட்சம் என்று நினைக்கிறீர்கள். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கற்பனையில், அவர்கள் விசுவாசிகளாக இருந்தால் என்ற நிபந்தனை இல்லை. பவுல் 1 தீமோத்தேயு 5:8-ல் எழுதியதை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். தன் சொந்த ஜனங்களை, விசேஷமாகத் தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன். பவுல் அங்கே பேசுவது வயதானவர்களைப் பராமரிப்பதைப் பற்றி.

திருநீறு விஷயத்தில் உங்கள் மனச்சாட்சியை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மறுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அப்பாவின் கை உங்கள் நெற்றிக்கு வந்தபோது அவர் மனதில் மதமாற்ற விவாதம் எதுவும் இருந்திருக்காது. பிள்ளை நல்லா இருக்கணும் என்பதுதான் இருந்திருக்கும். அந்தக் கையைத்தான் தட்டிவிட்டீர்கள். இந்த முறை போனதும் முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். "அப்பா, பூசையில நிற்கமாட்டேன், திருநீறு வேண்டாம். ஆனா உங்க கையை நான் தட்டியிருக்கக் கூடாது" என்று தனியாக, தங்கை இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். அவர் அந்தக் கையை உங்கள் தலையில் வைக்க நினைத்தால் குனியுங்கள். தகப்பன் தலையில் கை வைப்பது எந்த மதத்துக்கும் விரோதமில்லை.

தங்கையை மறந்துவிடாதீர்கள். இத்தனை காலம் தனியாகச் சுமந்திருக்கிறாள். மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டு உங்கள் பங்கைக் கொடுங்கள். நியாயமாகப் பார்த்தால், கட்டட நிதிக்கு முன்னால் வரவேண்டிய தொகை இது.

உணர்ச்சி வராமல் நேசிப்பது பாசாங்கா?

இதுதான் உங்கள் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். இதில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அன்பு முதலில் உள்ளத்தில் ஊறி, பிறகுதான் கைக்கு வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது தலைகீழாகத்தான் நடக்கிறது. "உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்" என்று இயேசு சொன்னபோது, முதலில் பொக்கிஷத்தை வைத்தார். இருதயம் அதன் பின்னால் போகிறது. நேரம், பணம், கவனம் மூன்றையும் முப்பது வருடமாகச் சபையில் போட்டீர்கள். இருதயம் அங்கே போய்விட்டது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வீட்டில் போடவில்லை, அங்கே முளைக்கவும் இல்லை.

நீங்கள் பாடகர் குழுவில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறவர். ஒரு கீர்த்தனையின் டெனர் பகுதியைக் கையில் கொடுத்த முதல் வாரம் யாருக்கும் கண்ணீர் வருவதில்லை. எண்ணி எண்ணி, தப்பித் தப்பி, மற்ற குரல்களோடு மோதிக்கொண்டு பாடுகிறீர்கள். பல வாரம் கழித்துத்தான் அது உங்களுடையதாகிறது. அந்தப் பயிற்சி நாட்களை நீங்கள் பாசாங்கு என்று சொன்னதில்லையே. மனைவியோடும் அப்படித்தான். முதல் சில வாரங்கள் செயற்கையாக இருக்கும். இருக்கட்டும்.

எபேசு சபைக்குச் சொன்னதை வெளிப்படுத்தல் 2-ல் பாருங்கள். பிரயாசப்படுகிற சபை, சகிக்கிற சபை, போதனையில் கறாரான சபை. ஆனால் ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டது. அதற்கு மருந்தாக ஆண்டவர் என்ன சொன்னார்? பழைய உணர்ச்சியை வரவழை என்று சொல்லவில்லை. நினைத்துப் பார், மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்றார்.

நினைத்துப் பாருங்கள். கல்யாணமான புதிதில் மனைவியைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டு விட்டதாகவும், திரும்பும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி இரண்டு பேரும் தேநீர் குடிப்பீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையே செய்யுங்கள். வாரத்தில் ஒரு மாலை. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அதற்கு நேரம் எங்கிருந்து வரும்? மூன்று குழுக்களில் ஒன்றை விட வேண்டும். கட்டடக் குழுவை விடச் சொல்கிறேன். பாடகர் குழுவை விடச் சொல்லவில்லை. பாடல் உங்களுக்குத் தேவன் கொடுத்த வரம், அதைத் தண்டனைபோலப் பிடுங்கிப் போடத் தேவையில்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு நடத்தும் பொறுப்பு எதையும் ஏற்காமல், பின்வரிசையில் நின்று பாடுங்கள். அந்த இளைஞர் நடத்தட்டும். உங்களுக்குள் என்ன எழுகிறது என்று பாருங்கள், எழுவதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். தனியாக, கைதட்டல் இல்லாத இடத்தில் செய்யும் ஜெபம் உங்களுக்கு இப்போது ரொம்பத் தேவை.

பிலிப்பியருக்காகப் பவுல் ஜெபித்தபோது, அவர்கள் அன்பு அறிவிலும் எல்லா உணர்விலும் மேன்மேலும் பெருக வேண்டும் என்று கேட்டார். அன்புக்கும் அறிவு வேண்டும். மகனுக்கு எஸ்.பி.எம்.மில் எந்தப் பாடம் கஷ்டம், மனைவிக்கு இந்த வருடம் எந்த வகுப்பு, அப்பா என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாத ஒருவரை நேசிப்பது கடினம். கேட்டுத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனமாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, இந்த வறட்சி வீட்டோடு நிற்காமல் வேலையிலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பரவியிருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மனச்சோர்வாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போய் டாக்டரைப் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, மனைவி உடனே மனம் இறங்காமல் போகலாம். அவர் காயத்துக்கும் வருடக்கணக்கு இருக்கிறது. நீங்கள் மாறிய மூன்றாவது வாரமே அவர் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், அதுவும் கைதட்டலைத் தேடுவதுதான். இருவராகப் பேசி நகர முடியவில்லை என்றால், 1998-ம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்ற ஒரு குடும்ப ஆலோசகரிடம் போங்கள். எல்.பி.பி.கே.என். எனப்படும் அரசாங்கத்தின் குடும்ப மேம்பாட்டு வாரியமும் தம்பதிகளுக்கு ஆலோசனை தருகிறது. சபைக்குள்ளேயே யாரிடமாவது போவதைவிட, உங்கள் நிலையில் வெளியே போவது நல்லது. உள்ளே எல்லாருக்கும் நீங்கள் "பிரதர்". மனைவியால் அங்கே மனம்விட்டுப் பேச முடியாது.

கடைசியாக, பேட்மிண்டன். நாம் அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் சம்பூரணமாகக் கொடுக்கிறவர் என்று தேவனைப் பற்றி அதே தீமோத்தேயு நிருபத்தில் எழுதியிருக்கிறது. தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் மகனோடு ஒரு மணி நேரம் வியர்க்க விளையாடுவது அந்தச் சகலத்துக்குள் அடங்கும். அதை நீங்கள் விட்டபோது மகனிடம் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. "தேவனுக்காக விட்டேன்" என்று சொல்லியிருந்தால், தேவன் தன் அப்பாவைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர் என்றுதான் அந்தப் பையன் புரிந்துகொண்டிருப்பான். இந்த வியாழக்கிழமை அவன் கதவைத் தட்டி, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பரீட்சை இருக்கிறது, வேண்டாம் என்று சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வியாழக்கிழமையும் கேளுங்கள்.